ஹீலியோஸ் 522: விமானிகள் மயங்கிய பின் காக்பிட்டுக்குள் வந்தவர்

விமானிகள் இருவரும் செயலிழந்துபோனால், விமானம் ஓட்டவே தெரியாத ஒரு பயணியால் அதைத் தரையிறக்க முடியுமா? 2023 ஜனவரியில் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களிடம் இதைக் கேட்டது. தரையிலிருந்து வழிகாட்டினால் இறக்கிவிடுவேன் என்று ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நம்பிக்கையோடு சொன்னார்கள். ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட பாதிப்பேர். அதற்கு முந்தைய ஆண்டு நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் 780 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு விமானம் தரையிறங்கும் காணொளி ஒன்றைக் காட்டினார்கள். நான்கு நிமிடம்கூட ஓடாத, ஒலியே இல்லாத காணொளி. விமானியின் கைகள் என்ன செய்கின்றன என்பதுகூட அதில் தெரியாது. ஆனாலும் அதைப் பார்த்தவர்களுக்கு, பார்க்காதவர்களைவிடத் தன்னம்பிக்கை கூடிவிட்டது.

பயிற்சியே இல்லாத பயணி ஒருவர் பெரிய ஜெட் விமானத்தைத் தரையிறக்கியதாக இதுவரை ஒரு பதிவும் இல்லை. அந்த நிலைமைக்கு மிக அருகில் வந்தது சைப்ரஸின் ஹீலியோஸ் ஏர்வேஸ் நிறுவனத்தின் 522ஆம் எண் விமானம். அதன் கடைசி மூன்று மணி நேரத்தை நிமிடம் நிமிடமாகப் பார்த்தால், தரையிறக்கும் திறமை என்ற பேச்சு வெகு பின்னால்தான் வருகிறது. அதற்கு முன்னே கதவு, வானொலி, எரிபொருள் என்று மூன்று தடைகள் நிற்கின்றன.

மூன்று முறை கண்ணில் படாத குமிழ்

2005 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. போயிங் 737-300 ரக விமானம் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பிராக் செல்ல வேண்டும். பயணிகள் 115 பேர், பணியாளர்கள் 6 பேர்.

அன்று அதிகாலை லண்டனிலிருந்து அதே விமானத்தைக் கொண்டுவந்த குழு, பின்பக்கக் கதவு ஒன்றில் பனி உறைவதாகவும் சத்தம் வருவதாகவும் குறிப்பு எழுதியிருந்தது. தரைப் பொறியாளர் காற்றழுத்தக் கசிவு இருக்கிறதா என்று சோதித்தார். எஞ்சினை இயக்காமல் அந்தச் சோதனையைச் செய்ய, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் குமிழை 'ஆட்டோ'விலிருந்து 'மேனுவல்' நிலைக்குத் திருப்ப வேண்டும். சோதனை முடிந்தது. குமிழ் மேனுவலிலேயே நின்றது, அதாவது கேபினின் காற்றழுத்தம் இனித் தானாகச் சீராகாது. புறப்படுவதற்கு முன், எஞ்சினை இயக்கிய பின், மேலெழுந்த பின் என்று மூன்று செக்லிஸ்ட்டுகளில் அதைப் பிடித்திருக்கலாம். மூன்றிலும் தப்பியது.

காலை 9:07க்கு விமானம் கிளம்பியது. 12,000 அடியைத் தொட்டபோது எச்சரிக்கை ஒலி எழுந்தது. 737 வடிவமைப்பின் பெரிய குறை இங்கேதான் இருந்தது என்பது என் கருத்து. இறக்கை மடல்கள் சரியாக வைக்கப்படாமல் புறப்பட முயன்றால் தரையில் ஒலிப்பதும் இதே ஒலிதான். வானத்தில் இதற்கு ஒரே பொருள்: கேபினில் காற்றழுத்தம் குறைகிறது, உடனே முகமூடியை மாட்டு. கேப்டன் அதைப் புறப்பாட்டு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டு, கருவி ஏதோ கோளாறாகிவிட்டது என்று நிறுவனத்தை வானொலியில் அழைத்தார். பயணிகள் பகுதியில் மேலிருந்து முகமூடிகள் தானாக விழுந்துவிட்டன. காக்பிட்டில் அப்படி எதுவும் விழாது. விமானிகளே எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

கீழே இருந்த பொறியாளர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்: அழுத்தக் குமிழ் ஆட்டோவில் இருக்கிறதா? கேப்டன் அதற்குப் பதில் சொல்லவில்லை. குளிரூட்டும் கருவிகளின் மின் துண்டிப்பான்கள் எங்கே என்று திருப்பிக் கேட்டார். ஆக்சிஜன் குறையும்போது வலியோ மூச்சுத்திணறலோ முதலில் வருவதில்லை. முதலில் போவது நிதானமாக யோசிக்கும் திறன், அது போவது போகிறவருக்கே தெரியாது. 9:20க்கு, ஏறத்தாழ 28,900 அடியில், அந்த உரையாடல் அறுந்தது. அதன் பிறகு அவர்கள் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

விமானம் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் பறந்தது. ஆட்டோபைலட் அதை 34,000 அடிக்கு ஏற்றி நிறுத்தியது, ஏதென்ஸ் நோக்கி ஓட்டியது, கியா தீவின் மேல் வந்ததும் வட்டமிடத் தொடங்கியது. கணினியில் பதிந்திருந்த பாதையின்படி எல்லாம் சரியாகவே நடந்தது. இறங்கச் சொல்ல ஆளில்லை.

11:49

ஏதென்ஸ் கட்டுப்பாட்டு மையம் அழைத்து அழைத்துப் பார்த்தது. 11:05க்கு நேயா அங்கியாலோஸ் தளத்திலிருந்து இரண்டு எஃப்-16 போர் விமானங்கள் கிளம்பி, 11:24க்கு 522ஐ எட்டின. பக்கத்தில் பறந்தபடி உள்ளே பார்த்த விமானிகள் சொன்னது இது: கேப்டன் இருக்கை காலி. துணை விமானி முன்னால் சரிந்து கிடக்கிறார். ஜன்னலோரப் பயணிகள் முகமூடியோடு அசையாமல் இருக்கிறார்கள்.

11:49க்கு ஒருவர் காக்பிட்டுக்குள் வந்து கேப்டன் இருக்கையில் உட்காருவதை அவர்கள் கண்டார்கள். அவர் விமானப் பணியாளர் ஆந்திரேயாஸ் புரோதுரோமு, வயது 25. அவர் முகத்தில் முகமூடி இல்லை. மற்றவர்களின் முகமூடி ஆக்சிஜன் சுமார் 12 நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அவர் அத்தனை நேரம் நினைவோடு இருந்ததற்கு, பணியாளர்களுக்கென்று கேபினில் வைக்கப்படும் கைச்சிலிண்டர்களைத்தான் காரணமாகச் சொல்ல முடியும்.

அவர் ஒன்றுமே தெரியாதவர் அல்ல. பிரிட்டனின் வணிக விமானி உரிமம் வைத்திருந்தார். 737 ஓட்டும் தகுதி மட்டும் இல்லை. யூகவ் கணிப்பில் கை தூக்கிய எவரையும்விட அவர் பல படிகள் மேலே இருந்தவர்.

அவர் உட்கார்ந்த ஒரு நிமிடத்துக்குள், 11:50க்கு, எரிபொருள் தீர்ந்து இடது எஞ்சின் நின்றது. விமானம் வட்டப்பாதையை விட்டு வடக்கே திரும்பி இறங்கத் தொடங்கியது. 11:54க்கு அவர் 'மேடே' என்று உதவி கேட்டார். ஒரு முறை அல்ல, பல முறை. குரல் தளர்ந்திருந்தது. வானொலி இன்னும் லார்னகாவின் அலைவரிசையிலேயே இருந்ததால் ஏதென்ஸுக்கு அது எட்டவில்லை. காக்பிட் குரல்பதிவுக் கருவியில் மட்டும் அது பதிந்தது. பின்னர் அதைக் கேட்ட சக பணியாளர்கள்தான் அவருடைய குரல் என்று அடையாளம் காட்டினார்கள்.

7,000 அடி அளவில் அவர் பக்கத்தில் பறந்த எஃப்-16ஐக் கவனித்துக் கையசைத்தார். என் பின்னால் வா என்று போர் விமானி சைகை காட்டினார். புரோதுரோமு கீழ்நோக்கிச் சுட்டிக்காட்டினார், ஆனால் பின்தொடரவில்லை. சற்று நேரத்தில் வலது எஞ்சினும் நின்றது. 12:03க்கு ஏதென்ஸுக்கு வெளியே கிராமாட்டிகோ கிராமத்தின் அருகே மலைச்சரிவில் விமானம் விழுந்தது. 121 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அவருக்குத் தடையாக நின்றவை

இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது பலரும் 'உரிமம் இருந்தவரே முடியாமல் போய்விட்டார், அப்புறம் பயணி எங்கே' என்று முடித்துவிடுகிறார்கள். அது அவருக்கு நியாயம் செய்யாத முடிவு. அவரிடம் வந்து சேர்ந்தது தரையிறக்கக்கூடிய விமானமே இல்லை. ஓர் எஞ்சின் நின்று, இன்னொன்று நிற்கப் போகும் 737ஐ, பேச ஆளில்லாமல், இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஆக்சிஜன் பஞ்சத்தில் இருந்த மூளையோடு இறக்கு என்றால், அந்த ரகத்திலேயே ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரும் திணறிப்போவார்.

முதலில் கதவு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு காக்பிட் கதவுகள் குண்டு துளைக்காதவையாக, உள்ளிருந்து பூட்டப்படுபவையாக மாறின. வெளியிலிருந்து திறக்க அவசரக் குறியீடு உண்டு. அதை எல்லாப் பணியாளர்களும் அறிந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பயணி ஒருவரும் அறியமாட்டார். குறியீட்டை அழுத்தினாலும் உடனே திறக்காது, உள்ளே இருப்பவர் மறுக்க அவகாசம் விட்டுத்தான் திறக்கும். குரல்பதிவுக் கருவி கடைசி 30 நிமிடத்தை மட்டுமே வைத்திருக்கும் வகை என்பதால், அதற்கு முன்னால் அந்தக் கதவருகே என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் அவர் காலை 9:40க்கே உள்ளே போயிருந்தால்? இரண்டு மணி நேர எரிபொருள். இரண்டு எஞ்சின். நேராகப் பறக்கும் ஆட்டோபைலட். விமானிகளுக்கான ஆக்சிஜன் முகமூடி இருக்கையின் பக்கத்திலேயே. இந்தக் கணக்கை ஒவ்வொரு முறை போட்டுப் பார்க்கும்போதும் மனது கனக்கிறது.

அடுத்தது வானொலி. இரு விமானிகளுக்கும் நடுவில் உள்ள மேடையில்தான் அலைவரிசைக் குமிழ்கள் இருக்கின்றன. 121.5 மெகாஹெர்ட்ஸ் உலகெங்கும் அவசர அலைவரிசை. எண்ணைத் திருப்பி, மாற்றும் பொத்தானை அழுத்தச் சில விநாடி போதும், எது என்று தெரிந்திருந்தால். தெரியாதவருக்கு அது நூற்றுக்கணக்கான விளக்குகளுக்கும் பொத்தான்களுக்கும் நடுவே இன்னொரு பொத்தான். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. போயிங் விமானத்தில் பேசுவதற்கான விசை திருப்புக்கோலிலேயே இருக்கிறது. ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் பொத்தானும் அதே கோலில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கிறது. பதற்றத்தில் தப்பானதை அழுத்தினால் விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கை விலகிவிடும். அதனால்தான் இப்படி உட்கார நேர்பவர் கோலைத் தொடாமல், காதுக்கருவியோ கைமைக்கோ எடுத்துப் பேசுவது நல்லது என்று விமானிகள் சொல்கிறார்கள்.

குரல் கேட்ட இடங்களில்

இதே நிலைமை சிறிய விமானங்களில் வேறு விதமாக முடிந்திருக்கிறது. 2022 மே 10 அன்று பஹாமாஸிலிருந்து ஃபுளோரிடா நோக்கி வந்த செஸ்னா கேரவன் விமானத்தின் விமானி, நடுவானில் நினைவிழந்தார். உள்ளே இரண்டு பயணிகள். அவர்களில் ஒருவர் விமானம் செங்குத்தாகச் சரிவதைப் பார்த்து, கையை நீட்டிக் கோலைப் பின்னுக்கு இழுத்து நிலைநிறுத்தினார். பிறகு வானொலியில், விமானம் ஓட்டத் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னார். பாம் பீச் விமான நிலையத்தில் இடைவேளையில் இருந்த கட்டுப்பாட்டாளரை அழைத்து வந்தார்கள். அவர் விமானப் பயிற்சியாளரும்கூட. அந்த ரகத்தை அவர் ஓட்டியதில்லை. காக்பிட்டின் படத்தை அச்செடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, சொல்லிச் சொல்லியே தரையிறக்கினார்.

2009 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. ஃபுளோரிடாவில் புறப்பட்ட சற்று நேரத்தில் கிங் ஏர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தின் விமானி இறந்துபோனார். உள்ளே ஒரு குடும்பம். தந்தைக்கு ஒற்றை எஞ்சின் சிறு விமானம் ஓட்டும் உரிமம் இருந்தது, கிங் ஏர் புதிது. கட்டுப்பாட்டாளர் ஒருவர், அந்த ரகம் நன்றாகத் தெரிந்த நண்பரைக் கனெக்டிகட்டில் தொலைபேசியில் பிடித்தார். நண்பர் சொன்னது கட்டுப்பாட்டாளர் வழியே காக்பிட்டுக்குப் போனது. ஃபோர்ட் மயர்ஸில் பத்திரமாக இறங்கினார்கள்.

இரண்டு விமானத்திலும் கதவே இல்லை. வானொலி சரியான அலைவரிசையில் இருந்தது, அல்லது கேட்க ஆள் இருந்தார்கள். எரிபொருள் இருந்தது. பயணிகளின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மூன்றும் இருந்ததால்தான் துணிச்சலுக்கு வேலை கிடைத்தது.

ஆனால் கேரவனில் செய்ததை அப்படியே பெரிய விமானத்துக்குக் கொண்டுபோக முடியாது. கேரவனுக்கு ஒரே எஞ்சின், சக்கரங்கள் எப்போதும் வெளியே, இறங்கும் வேகமும் குறைவு. 737 இறங்கும்போது மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகம். வேகத்தைக் குறைத்துக்கொண்டே படிப்படியாக மடல்களை இறக்க வேண்டும். தரைக்குச் சில மீட்டர் இருக்கும்போது மூக்கைத் தூக்கும் அந்த நொடியைச் சொல்லிக் கொடுத்து வரவைக்க முடியாது. கையால் ஓட்டி இறக்க முயன்றால், புதியவர் அநேகமாக விமானத்தை உடைத்துவிடுவார்.

கையால் அல்லாமல்

பெரிய விமானத்தில் வழி வேறு. பெரும்பாலான ஜெட் விமானங்கள் தாமாகவே இறங்கக்கூடியவை. கடும் பனிமூட்டத்தில் விமானிகள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தரையில் ரேடியோ கற்றையை வீசும் கருவி உள்ள ஓடுபாதை அதற்கு வேண்டும். ஆகவே நல்வாய்ப்பான நிலைமையில் காக்பிட்டில் நடக்க வேண்டியது ஓட்டுவது அல்ல. ஒருவர் சொல்லச் சொல்ல, பார்த்து, திருப்பி, அழுத்தி, 'செய்துவிட்டேன், இப்போது இந்த எண் தெரிகிறது' என்று திரும்பச் சொல்வது.

முதலில் மயங்கியவரைக் கோலிலிருந்து விலக்கி இருக்கையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிறகு எதையும் தொடாமல் ஆட்டோபைலட் இயங்குகிறதா என்று பார்ப்பது. பேச்சுத் தொடர்பு கிடைத்ததும் தரையில் அந்த ரகம் தெரிந்த விமானியை வரவழைப்பார்கள். கண்ணுக்கு நேரே உள்ள பலகையில் திசைக்கு ஒரு குமிழ், உயரத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று. அவற்றைத் திருப்பி விமானத்தை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். தரைக்கருவியின் அலைவரிசையைப் பதிந்து, ஓடுபாதையை நெருங்கி இறங்குவதற்கான 'அப்ரோச்' பொத்தானை அழுத்த வேண்டும். 737ல் இரண்டு ஆட்டோபைலட்டையும் சேர்த்து இணைத்தால்தான் தானே இறங்கும். ஒன்றை மட்டும் இணைத்தால் இறங்காது. ஏர்பஸ்ஸில் தரைக்கு மிக அருகே 'ரிடார்ட்' என்று விமானமே குரல் கொடுக்கும். அப்போது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடிகளைப் பின்னுக்கு இழுக்க வேண்டியது மனிதர்தான். நடுவில் மடல்கள், சக்கரங்கள், தானியங்கி பிரேக்.

இவற்றில் ஒன்றுகூடச் சாமர்த்தியம் கேட்பதல்ல. கேட்பது நேரமும் பொறுமையும். வட்டமிட எரிபொருள் இருந்தால் ஒவ்வொரு குமிழையும் மூன்று முறை சரிபார்க்கலாம். வானிலை நன்றாக, காற்று மிதமாக இருந்தால், நிதானமான ஒருவர் இதைச் செய்ய வாய்ப்பு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விமானிகள் இருவரையும் ஒரே நேரத்தில் வீழ்த்தும் சம்பவம் எதுவாக இருந்தாலும், ஹீலியோஸில்போல, அது பெரும்பாலும் பயணியையும் விட்டுவைக்காது. ஒருவர் மட்டும் வீழ்ந்தால் மற்றவர் இறக்கிவிடுவார். 2023 மார்ச்சில் லாஸ் வேகஸிலிருந்து கிளம்பிய சவுத்வெஸ்ட் விமானத்தில் கேப்டனுக்கு உடல்நலம் கெட்டபோது, பயணியாக வந்திருந்த வேறொரு நிறுவன விமானி காக்பிட்டுக்குள் போய் வானொலியைப் பார்த்துக்கொண்டார். நிஜத்தில் பயணியிடமிருந்து தேவைப்படும் உதவி பெரும்பாலும் இந்த அளவுதான்.

கதவு இன்னும்

ஹீலியோஸுக்குப் பிறகு மாற்றம் வராமல் இல்லை. அந்தக் குழப்பமான ஒலிக்குத் துணையாகக் காக்பிட்டில் தனி எச்சரிக்கை விளக்குகளைப் பொருத்த வேண்டும் என்று பழைய 737 ரகங்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2011ல் உத்தரவிட்டது. 121 உயிர் போய் ஆறு ஆண்டுகள் கழித்து.

கதவின் கதை முடியவில்லை. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் துணை விமானி, கேப்டன் வெளியே போனதும் உள்ளிருந்து பூட்டிக்கொண்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 2024 பிப்ரவரி 17 அன்று பிராங்க்பர்ட்டிலிருந்து செவில் சென்ற லுஃப்தான்ஸா ஏர்பஸ்ஸில் 199 பயணிகள் இருந்தார்கள். கேப்டன் கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில் துணை விமானி நினைவிழந்தார். கேப்டன் திரும்பி வந்து வழக்கமான குறியீட்டைப் பல முறை அழுத்தினார், பணியாளர் உள்ளே தொலைபேசியில் அழைத்தார், பதில் இல்லை. கடைசியில் அவசரக் குறியீட்டை அழுத்தினார். அது வேலை செய்யும் முன்பே, சற்றுத் தெளிந்த துணை விமானி தாமே கதவைத் திறந்துவிட்டார். ஏறத்தாழ பத்து நிமிடம் அந்த விமானத்தை இயக்க யாரும் இல்லை. ஆட்டோபைலட் வழிதவறாமல் பிடித்துக்கொண்டது, மாட்ரிட்டில் இறங்கினார்கள். ஒரு விமானி வெளியே போகும்போது காக்பிட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்ற நடைமுறையை மறுபடி பரிசீலிக்கும்படி ஸ்பெயினின் விசாரணை ஆணையம் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையிடம் பரிந்துரைத்தது.

அந்தப் பரிந்துரையோடு இன்னொன்றும் சேர வேண்டும் என்பது என் வாதம். மயங்கிய விமானியை இருக்கையிலிருந்து விலக்குவது எப்படி என்று கேபின் பணியாளர்களுக்குப் பல நிறுவனங்கள் கற்றுத்தருகின்றன. அதே பயிற்சியில், காக்பிட்டுக்குள் உட்காரவைத்து, 121.5 எங்கே திருப்புவது, எந்த விசையை அழுத்திப் பேசுவது, எந்தப் பொத்தானைத் தொடவே கூடாது என்று ஒரு மணி நேரம் காட்டிவிடலாம். அவசரக் குறியீட்டைக் கேபின் பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கேபினிலிருந்து கூப்பிடும் குரலுக்கு விமானிகள் பதில் தராதபோது எத்தனை நிமிடத்தில் அதை அழுத்துவது என்றும் விதி எழுதப்பட வேண்டும்.